பன்னிரண்டு மெமரி கார்டுகள்

திருச்சி சிங்காரத்தோப்பில், செல்போன் கவர் விற்கும் கடைகளுக்கு மேல்மாடியில் ஃபிலோமினா மேடத்தின் அறை இருந்தது. பெயர்ப்பலகை கிடையாது. தேவைப்பட்டவர்கள் விசாரித்துக்கொண்டு படியேறி வருவார்கள்.

பென் டிரைவ், மெமரி கார்டு, ஹார்ட் டிஸ்க், சார்ஜர், கேபிள். விலை குறைந்த சரக்கு எது வந்தாலும் கடைக்காரர்கள் முதலில் அங்கேதான் கொண்டுவருவார்கள். "இதை நம்பி விக்கலாமா மேடம்?" என்று கேட்பார்கள். மேடம் சோதித்துப் பார்த்துவிட்டு "விக்கலாம்" என்பார். இல்லாவிட்டால் பெட்டியை அவர்கள் பக்கம் தள்ளிவிடுவார். அதற்கு மேல் பேச்சு இருக்காது.

அவரிடம் வேலை கற்க வந்தவர் சிதம்பரநாதன். வயது ஐம்பத்திரண்டு. மேடத்தைவிடப் பத்து வயது மூத்தவர். துறையூரில் பதினாறு வருடம் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார். ஒரு கல்யாண சீசனில் அவர் விற்ற பென் டிரைவ்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வந்தன. தாலி கட்டுகிற நேரத்துப் படம் எதிலும் இல்லை. அதன் பிறகு கடைத்தெருவில் நடக்கவே கூசியது. கடையை மூடினார்.

"பதினாறு வருஷம் வித்தேன் மேடம். எது நல்லது எது கெட்டதுன்னு தெரியாமலே வித்திருக்கேன். கத்துக் குடுங்க."

"உக்காருங்க சார்," என்றார் மேடம்.

முதல் பாடம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

"எவ்வளவு புடிக்கும்னு மேல எழுதியிருக்கோ, அவ்வளவையும் உள்ள போடுங்க. போட்டதை முழுசாத் திருப்பிப் படிங்க. பாதி படிச்சுட்டு எழுந்திரிக்காதீங்க."

"பாதி சரியா இருந்தா மீதியும் சரியாத்தானே மேடம் இருக்கும்?"

மேடம் ஒரு பென் டிரைவை அவர் கையில் கொடுத்தார். அறுபத்து நாலு ஜிபி என்று போட்டிருந்தது. அவர் நிரப்பினார். எல்லாக் கோப்பின் பெயரும் வரிசையாக வந்து நின்றது. திறந்து பார்த்தால் பெரும்பாலானவை வெறும் பெயர். உள்ளே இருந்த சில்லு நாலே ஜிபி. அதற்கு மேல் போட்டதையெல்லாம் வாங்கிக்கொள்வதுபோல் வாங்கி, பழையதன் மேலேயே எழுதியிருந்தது.

துறையூரில் தன்னிடம் திரும்பி வந்தவை எல்லாம் இதுதான் என்று அவருக்கு அப்போது புரிந்தது. அன்றைக்கு அவர் சாப்பிடப் போகவில்லை.

எட்டு மாதம் அவர் ஒருவர்தான் சீடர். தினமும் சாயங்காலம் தான் சோதித்துத் தேறியவற்றை ஒரு தட்டில் வைப்பார். மேடம் அந்தத் தட்டிலிருந்து நாலைந்தை எடுத்துத் தானும் ஒருமுறை சோதிப்பார். அதன் பிறகுதான் பொட்டலம் கட்டுவார். அதுதான் வழக்கம் என்று சிதம்பரநாதன் நினைத்திருந்தார்.

ஒன்பதாவது மாதம் நஸ்ரீன் வந்தாள்.

டைல்ஸ் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள். வயது இருபத்தொன்பது. ஹார்ட் டிஸ்க்கை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. முதல் வாரத்தில் இரண்டைக் கீழே போட்டாள். போட்டதும் ஓடிப்போய் மேடத்திடம் சொன்னாள். கேபிளைத் தலைகீழாகச் செருகினாள். அதையும் போய்ச் சொன்னாள். சிதம்பரநாதனுக்குச் சிரிப்பு வந்தது. அண்ணே அண்ணே என்று அவரிடமும் ஆயிரம் சந்தேகம் கேட்டாள். பெருந்தன்மையாகச் சொல்லிக் கொடுத்தார்.

அவள் வந்த ஐந்தாவது மாதம் ஒரு சாயங்காலம் நஸ்ரீன் முதல்முறையாகத் தன் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். மேடம் அதை அப்படியே எடுத்துப் பொட்டலம் கட்ட ஆரம்பித்தார்.

சிதம்பரநாதன் காத்திருந்தார். மறந்திருப்பார் என்று நினைத்தார். பிறகு மேடம் அவருடைய தட்டை இழுத்தார். அதிலிருந்து நாலை எடுத்து வழக்கம்போலச் சோதித்தார்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

அன்றிலிருந்து அவர் கண் சரக்கில் நிற்கவில்லை. மேடம் எத்தனை முறை அவள் பக்கம் திரும்புகிறார், எத்தனை முறை தன் பக்கம் திரும்புகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தது. கடைக்காரர்கள் ஏதாவது கேட்டால், "நஸ்ரீன், நீ பாரு," என்பார் மேடம். அதைக் கேட்கும்போதெல்லாம் சிதம்பரநாதனுக்கு நெஞ்சுக்குழியில் காந்தியது.

தஞ்சாவூரிலிருந்து ஒருவர் பெரிய டிஸ்க் ஒன்றைக் கொண்டுவந்தார். பளபளவென்று இருந்தது. விலை பாதி. சிதம்பரநாதன் வேகத்தை அளந்தார். நன்றாக இருந்தது.

"தேறும் மேடம். முழுசா நிரப்பிடுறேன், ஆனா சரக்கு நல்ல சரக்கு."

நஸ்ரீன் அதைக் கையில் வாங்கினாள். மூக்கருகே கொண்டுபோனாள்.

"பசை வாசனை அடிக்குது மேடம். எனக்குச் சரியாச் சொல்லத் தெரியல. தப்பா இருந்தாலும் இருக்கும்."

மேடம் மூடியை நெம்பித் திறந்தார். உள்ளே நகத்தளவு மெமரி கார்டு ஒன்று. கனத்துக்காகப் பக்கத்தில் ஒரு இரும்பு நட்டைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள்.

மேடம் சிரித்தார். எப்போதோ சிரிப்பவர் அவர்.

"சார், இனிமே நாமளும் மோந்து பாக்கணும்போல."

அது வேடிக்கைப் பேச்சுதான். சிதம்பரநாதனும் சிரித்தார். ஆனால் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் முழு வழியும் அதே வாக்கியம் காதில் ஓடியது.

"மூக்கை வெச்சு வேலை பாக்கறவளைத் தூக்கி வெச்சு ஆடறாங்க," என்று மனைவி மரகதத்திடம் சொன்னார்.

"உங்களை எதுவும் சொன்னாங்களா?"

"சொன்னாத் தேவலையே."

ஆடி மாதக் கடைசியில் உறையூரிலிருந்து சுகந்தி வந்தார். பேச்சுப் பயிற்சி மையம் நடத்துபவர். காது கேட்க அறுவை சிகிச்சை முடிந்த குழந்தைகள் பன்னிரண்டு பேர் அவரிடம் பேசக் கற்றுக்கொண்டிருந்தார்கள். வாரா வாரம் ஒவ்வொரு பிள்ளையையும் வீடியோ எடுத்து வைக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு மெமரி கார்டு.

"விலை கம்மியா இருக்கணும் மேடம். ஆனா ஒண்ணுகூடப் போகக்கூடாது. பிள்ளை முதல் வார்த்தை ஒரு தடவைதான் சொல்லும்."

சிதம்பரநாதன் பெயரெடுத்த கம்பெனி ஒன்றைச் சொன்னார். நஸ்ரீன் பச்சை உறை போட்ட, பெயர் தெரியாத சரக்கைக் காட்டினாள். நூற்று இருபத்தெட்டு ஜிபி. அந்தக் கட்டில் முப்பதைச் சோதித்திருந்தாள். மூன்று போலி. அவற்றைக் கழிவுப் பெட்டியில் போட்டுவிட்டாள். மீதி இருபத்தேழும் இரண்டு முறை தேறியிருந்தன.

"பச்சை போதும்," என்றார் மேடம்.

நஸ்ரீன் பன்னிரண்டைத் தட்டில் அடுக்கி வைத்துவிட்டு டீ வாங்கப் போனாள். மேடம் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

சிதம்பரநாதன் கழிவுப் பெட்டியிலிருந்து ஒரு பச்சை உறைக் கார்டை எடுத்தார். தட்டிலிருந்த ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அதை வைத்தார். எடுத்ததைக் கழிவுப் பெட்டியில் போட்டார். எரிந்துகொண்டிருந்த இடத்தில் ஈரத்துணி போட்டதுபோல் இருந்தது.

மேடம் போனை வைத்தார். தட்டை எடுத்தார். சோதிக்கவில்லை. பொட்டலம் கட்டினார்.

'இனித் தெரியும், அவள் வேலை எப்படி என்று,' என நினைத்துக்கொண்டார் சிதம்பரநாதன்.

அடுத்த மூன்று நாள் துறையூரில் மைத்துனர் வீட்டு விசேஷம். போய்வந்தார். வந்த நாளிலிருந்து செய்திக்குக் காத்திருந்தார். போலியில் உண்மையாக இருந்தது எட்டு ஜிபிதான். இரண்டு மூன்று வாரத்தில் நிரம்பிவிடும். சுகந்தி கோபத்தோடு படியேறி வருவார். மேடம் நஸ்ரீனைத் திரும்பிப் பார்ப்பார். அந்த ஒரு பார்வைக்காகக் காத்திருந்தார்.

நாலு வாரம் ஆயிற்று. ஐந்தும் ஆயிற்று. செய்தி இல்லை.

நஸ்ரீன் மட்டும் மாறிப்போயிருந்தாள். வேலை மெதுவாகிவிட்டது. ஒவ்வொன்றையும் மூன்று முறை சோதித்தாள். தட்டில் வைத்ததைத் திரும்ப எடுத்துப் பார்த்தாள். "என்னம்மா, ஆமை வேகத்துல போறே," என்றார் சிதம்பரநாதன். அவள் அதே கார்டை மறுபடி செருகினாள். அவருக்கு உள்ளுக்குள் இனித்தது. அப்படியிருந்தும் மேடம் அவள் தட்டைச் சோதிக்கவில்லை. அது கசந்தது.

ஏழாவது வாரம் சுகந்தி வந்தார். கையில் லட்டு டப்பா.

"மகிழினின்னு ஒரு பொண்ணு மேடம். நாலு வயசு. முந்தாநாள் பிஸ்கட்டைக் காட்டி 'தா'ன்னு சொல்லிட்டா. கேமரா ஓடிட்டு இருந்துச்சு. அவ அப்பா மஸ்கட்ல டிரைவர். தீபாவளிக்கு வர்றார். அவர் பாக்கட்டும்னு அந்தக் கார்டைப் பத்திரமா வெச்சிருக்கோம்."

எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். "உங்க கார்டு நல்லா உழைக்குது நஸ்ரீன்," என்றார்.

சிதம்பரநாதன் லட்டை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார். பன்னிரண்டில் ஒன்று. அது எந்தப் பிள்ளையுடையது என்று அவருக்குத் தெரியாது. ஏழு வாரத்தில் எட்டு ஜிபி எப்போதோ தாண்டியிருக்கும். யாரும் இன்னும் திறந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். துறையூரில் ஒரு மாப்பிள்ளையின் அப்பா கடைக்கு வந்து, சண்டை போடாமல், பென் டிரைவை மேசையில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனது ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவருக்குத் தெரியாமல் நடந்தது. இன்றைக்குத் தெரிந்து.

மறுநாள் சனிக்கிழமை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு, தன் வீட்டிலிருந்த நல்ல கார்டு ஒன்றையும் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு உறையூருக்குப் பஸ் ஏறினார்.

"சும்மா ஒரு தடவை சரிபார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்மா."

சுகந்தி பன்னிரண்டு கார்டுகளையும் மேசையில் வைத்தார். சிதம்பரநாதன் ஒவ்வொன்றாகச் செருகினார். முதல் வாரப் படத்தைத் திறந்தார். ஏழாவது வாரப் படத்தைத் திறந்தார். இரண்டும் ஓடின. அடுத்தது. அடுத்தது.

ஒன்பதாவது மகிழினியுடையது. முதல் வாரத்தில் குழந்தை தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏழாவது வாரத்தில் கையை நீட்டி, கழுத்து நரம்பு தெரிய, "த்தா" என்றாள். பிஸ்கட்டைக் கொடுத்த கை அவள் கன்னத்தைத் தொட்டது படத்தில் தெரிந்தது. அம்மாவின் கையாக இருக்கும்.

பத்து. பதினொன்று. பன்னிரண்டு. எல்லாம் ஓடின.

அவர் மறுபடி எண்ணினார். பன்னிரண்டும் நல்லவை.

"எல்லாம் சரியா இருக்கே," என்றார். குரல் அவருக்கே வேறு யாருடையதோபோல் இருந்தது.

"இருக்காம பின்ன? மொத வாரமே நஸ்ரீன் வந்து ஒண்ணை மாத்திட்டுப் போயிட்டாங்களே. உங்ககிட்ட சொல்லலையா?"

"என்ன சொன்னாங்க?"

"'என் கையால ஒரு தப்பு நடந்துபோச்சுக்கா, மன்னிச்சுடுங்க'ன்னாங்க. கண்ணு கலங்கிடுச்சு. ஒவ்வொரு கார்டோட நம்பரையும் நோட்டுல எழுதி வெப்பாங்களாம். தேறின நம்பர் ஒண்ணு கழிவுப் பெட்டியில கெடந்துச்சாம். எப்படி மாத்திப் போட்டேன்னே தெரியலக்கான்னு திரும்பத் திரும்பச் சொன்னாங்க. நான்தான் தேத்தி அனுப்பினேன்."

ஒன்றும் அழியவில்லை. எந்தப் பிள்ளையுடையதும் போகவில்லை. நிம்மதி வர வேண்டிய இடம் அது. ஆனால் சிதம்பரநாதனுக்கு முதலில் வந்தது பொறாமைதான். இதிலும் அவள் முந்திக்கொண்டாளே என்று ஒரு கணம் தோன்றியது. அதன் பிறகுதான் நிம்மதி வந்தது. அந்த வரிசையைத் தானே பார்த்துவிட்டதில் அவருக்கு உடம்பு கூசியது.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. நஸ்ரீன் தன் தப்பு என்றே நம்புகிறாள். மேடத்திடமும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம். திங்கட்கிழமை உடம்பு சரியாகிவிட்டது என்று வரலாம்.

வீட்டு நிறுத்தம் வந்தது. இறங்கவில்லை. தெப்பக்குளத்தில் இறங்கினார்.

படியேறியபோது மணி ஐந்து. மேடம் ஒரு சார்ஜரைப் பிரித்து வைத்திருந்தார். நஸ்ரீன் எதையோ மூன்றாவது முறையாகப் படிக்க விட்டுவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உடம்பு எப்படிண்ணே இருக்கு?"

சிதம்பரநாதன் உட்காரவில்லை.

"உறையூர் போயிட்டு வர்றேன்," என்றார். "அந்தக் கார்டை நீ மாத்திப் போடலம்மா. நான் போட்டேன். தெரிஞ்சுதான் போட்டேன்."

கீழே கடையில் யாரோ கவர் விலை பேசுவது கேட்டது.

"ஏண்ணே?"

"உன் தட்டை மேடம் சோதிக்கறதில்ல. என் தட்டைச் சோதிக்கறாங்க. அதான்."

நஸ்ரீன் அவரையே பார்த்தாள்.

"ரெண்டு மாசமா நான் என் கண்ணையே நம்பலண்ணே," என்றாள். "வீட்டுல கேஸை அணைச்சேனா இல்லையான்னு நாலு தடவை எழுந்து போய்ப் பாக்கறேன். எங்க அம்மா, ஒனக்கு என்னடி ஆச்சுன்னு கேக்குறாங்க."

அவள் பையை எடுத்துக்கொண்டாள். "நான் கிளம்புறேன் மேடம்," என்று மேடத்திடம் மட்டும் சொன்னாள். படியில் செருப்புச் சத்தம் இறங்கிப் போயிற்று.

சிதம்பரநாதன் மேடம் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

"தெரியாது. சந்தேகம் இருந்துச்சு."

"கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருந்தா இல்லைன்னு சொல்லியிருப்பீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, இத்தனை மாதமாக மனதில் நின்றதைக் கேட்டார்.

"அவ தட்டை ஒரு நாளும் நீங்க சோதிக்கல. என்னோடதை ஏன் மேடம் தினமும் சோதிச்சீங்க? நான் என்ன தப்பு விட்டேன்?"

"நஸ்ரீன் வந்த நாளா எத்தனை தடவை என்கிட்ட வந்து 'தப்புப் பண்ணிட்டேன்', 'இது எனக்குத் தெரியல'ன்னு சொல்லியிருப்பா?"

"தினம் ஒண்ணு சொல்லுவா."

"நீங்க?"

சிதம்பரநாதன் யோசித்தார். துறையூர்க் கடையை மூடிவிட்டு வந்த முதல் நாள் சொன்னது ஒன்று. அதற்குப் பிறகு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"அப்போ நான் நாளையிலேர்ந்து வரவேண்டாமா?"

மேடம் மேசை இழுப்பறையிலிருந்து நஸ்ரீன் உறையூரிலிருந்து மாற்றிக் கொண்டுவந்த அந்தப் போலிக் கார்டை எடுத்துக் கம்ப்யூட்டரில் செருகினார். நூற்று இருபத்தெட்டு ஜிபி, எல்லாம் சரி என்று திரை காட்டியது. பக்கத்தில் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கை இணைத்தார். அது டிக் டிக்கென்று அடித்துக்கொண்டது. படிக்க முடியவில்லை, இந்த இடத்தில் பழுது என்று திரை முழுக்கச் சிவப்பாக வந்தது.

"இந்த ரெண்டுல எதை வெளியில அனுப்பலாம் சார்?"

"ரெண்டையும் அனுப்பக்கூடாது."

"சரி. எதுக்குள்ள இருக்கறதை இன்னும் காப்பாத்தலாம்?"

அவர் இரண்டையும் பார்த்தார். டிக் டிக் நிற்கவில்லை.

"கத்துறதை," என்றார்.

மேடம் கார்டைப் பிடுங்கினார். சத்தம் போட்டுக்கொண்டிருந்த டிஸ்க்கை அவர் பக்கம் நகர்த்தினார்.

"திங்கக்கிழமை ஒன்பதரைக்கு வந்துடுங்க சார். இதுலேர்ந்து ஆரம்பிப்போம்."